ஒரு பெயருக்கு மூன்று லாச்சி

போன மாதம் சாந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"அங்கள், கம்ப்யூட்டர் வந்திருச்சு தெரியும்ல? வந்த நாள்லேர்ந்து ஒரே இழுவை லா. பேரை அடிச்சிட்டு, கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு வந்து பாத்தா அப்பதான் ஆடி அசைஞ்சு வருது. நேத்து கோலாலம்பூர்லேர்ந்து இன்ஜினியர் வந்தாரு. அடிக்கடி எடுக்கிறது எல்லாம் ஒரே டிஸ்க்ல போய் குவிஞ்சிருச்சாம். அதைப் பிரிச்சுத் தனித்தனி டிஸ்க்ல வெச்சாரு. இப்ப பறக்குது!"

"நல்லது. பிரிக்கும்போது அலமாரி எதுவும் அவர் மேல சாயலையே?" என்று கேட்டேன்.

"என்னா அங்கள் பேசறீங்க?"

அவளுக்குப் போனில் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இரும்பு அலமாரிகளில் எந்த லாச்சியை, அதாவது எந்த இழுப்பறையை, எங்கே வைப்பது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கதை இது. கேட்க உப்புச்சப்பில்லாத விஷயம்தான். ஆனால் ஒரு மனிதரின் உயிர் அந்த லாச்சிகளில் ஒன்றுக்குள் இருந்தது. அது எந்த லாச்சி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரைக் காப்பாற்றியதில் என் பங்கு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் விக்கல்.

பயந்தால் எனக்கு விக்கல் வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு விக்கல். கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, நடந்த நேர்முகத் தேர்வில் ஆங்கிலேயத் துரை என் பெயரைக் கேட்டபோது நான் மூன்று தவணையில் சொன்னேன். அவர் அதை நீளமான பெயர் என்று நினைத்துக்கொண்டு வேலை கொடுத்துவிட்டார்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். மலாக்கா பண்டார் ஹிலிர் காப்பிக்கடைகளில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும், வெள்ளைக்காரன் போனபின் எது எது மாறும் என்று ஒரு பட்டியல் காதில் விழும். எங்கள் அறையில் மட்டும் ஒன்று மாறாது. அவன் கொண்டுவந்த ஏ முதல் இசட் வரையான வரிசை. அதைக் காத்து நின்றவர் எங்கள் பெரிய கிராணி கனகசபை.

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் குடையை ஆணியில் மாட்டுவார். கோட்டைக் கழற்ற மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். அவர் லாச்சியைக் கையால் இழுத்து யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு மர ரூல் தடி இருக்கும். அதை நீட்டிக் காட்டுவார், நாங்கள் இழுப்போம். திட்டும்போதும் 'நீர்', 'உமக்கு' என்றுதான் திட்டுவார். அவமானத்தை வெள்ளித்தட்டில் வைத்து வாங்கிக்கொள்வதுபோல் இருக்கும்.

நோயாளியின் கார்டை எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறை கோயில் பூசைக்குச் சமம். கார்டை உருவிய இடத்தில் ஒரு பச்சை அட்டையைச் செருக வேண்டும். அதில் எடுத்தவன் பெயர் இருக்கும். பிறகு கார்டை உரக்க வாசிக்க வேண்டும். முதலில் முன்பக்கம்: பெயர், வயது, எந்த ரப்பர்த் தோட்டம் அல்லது எந்தத் தெரு. அப்புறம் திருப்பிப் பின்பக்கம்: மனைவியோ கணவனோ யார், முன்பு என்ன வியாதி, டாக்டர் எழுதிய குறிப்பு. இரண்டையும் வாசித்த பிறகுதான் கார்டு அறையை விட்டு வெளியே போகும்.

"முன்பக்கத்தை மட்டும் நம்பாதேயும் காணும். முன்பக்கம் பேர். பின்பக்கம்தான் ஆள்."

திரும்பி வந்த கார்டுகளை உடனே உள்ளே வைக்கவும் கூடாது. ஒரு தட்டில் போட்டு, மத்தியானம் கூட்டம் அடங்கியதும் அடுக்கி, ஒரு லாச்சிக்கு ஒரே தடவை போய் மொத்தமாக வைக்க வேண்டும். எடுக்கிற நேரத்தில் வைப்பதில்லை, வைக்கிற நேரத்தில் எடுப்பதில்லை. சாந்தியின் இன்ஜினியரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாராம்.

எல்லாம் ஒழுங்கு. ஆனால் வேகம் இல்லை. காரணம் அந்த அலமாரிகள்.

ஆளுயர இரும்பு அலமாரிகள் நான்கு. ஏ முதல் ஜி வரை முதல் அலமாரி. எச் முதல் எம் வரை இரண்டாவது. என் முதல் எஸ் வரை மூன்றாவது. மிச்சமெல்லாம் நான்காவது. ஒவ்வோர் அலமாரிக்குள்ளும் ஓர் இரும்புத் தண்டு உண்டு. ஒரு லாச்சியை இழுத்தால், அதே அலமாரியின் மற்ற லாச்சிகள் பூட்டிக்கொள்ளும். இரண்டு லாச்சி ஒன்றாக வெளியே வந்தால் கனம் தாங்காமல் அலமாரி முன்னால் சாயும் என்பதால் அப்படி.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் காய்ச்சலோடு எழுந்திருக்கிறவர்கள் யார்? கருப்பையா, கந்தன், லெட்சுமி, மாரியம்மா, முனியாண்டி, முகமது. அத்தனை பேரும் இரண்டாவது அலமாரிக்குள். நான் முனியாண்டியைத் தேடி முடிக்கும்வரை, கருப்பையாவை எடுக்க வேண்டிய ராசன் செட்டி என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். நான்காவது அலமாரியோ பாதி நாள் தூங்கும். அதில் எக்ஸ் லாச்சியைத் திறந்தால் பல்லி கோபமாகப் பார்க்கும்.

ராசன் செட்டி என் சக கிராணி. காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் கூடிக் குடியிருக்கும் கம்போங்கில் அவன் வீடு. நெற்றியில் திருநீறு இருக்கும், பெயரில் தமிழ் இருக்கும், வாயில் மலாய்தான் இருக்கும். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும். நானும் காஜா பேராங்கில்தான் குடியிருந்தேன். இருவரும் சைக்கிளில் சேர்ந்தே போய்வருவோம்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் நான் எம் லாச்சியை முழுக்க இழுத்து வைத்திருந்தேன். உள்ளே தண்டு துருப்பிடித்துக் கழன்றிருந்தது எங்களுக்குத் தெரியாது. பொறுமை போன செட்டி கீழேயிருந்த கே லாச்சியைப் பிடித்து இழுத்தான். அதுவும் வந்துவிட்டது. அலமாரி எனக்கு நிதானமாக வணக்கம் சொன்னது. நான் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினேன். "அம்மா!" என்றேன். "தோலோங்!" என்றேன். "ஹெல்ப்!" என்றேன். மூன்றுக்கும் நடுவில் விக்கல். முகமதுகள் ஒவ்வொருவராக என் தலையில் கொட்டினார்கள்.

கனகசபை எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

"வரிசை கலைஞ்சு போச்சோ?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் சார்."

"உம்மைக் கேக்கேல்லை."

அன்று முழுக்கத் தரையில் உட்கார்ந்து கார்டுகளை அடுக்கினோம். சாயங்காலம் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போது செட்டி பொரிந்து தள்ளினான். எம் கூட்டம் ஒரு பக்கம் தொல்லை என்றால், தமிழ்ப் பெயர்கள் அதைவிடத் தொல்லையாம். கோபாலைத் தேடி ஜி லாச்சியைத் திறந்தால் இல்லை. அதை மூடி, சி-யைத் திறந்தால் இல்லை. கடைசியில் பார்த்தால் கே-யில், 'கோப்பால்' என்று இருக்கிறார்.

"சத்து நாமா, தீகா ரூமா!" என்று ஹாண்டிலை விட்டுக் கையை விரித்தான். ஒரு பெயருக்கு மூன்று வீடு. "உங்க ஆளுங்களுக்கு ஏன் இந்தப் பணக்காரத்தனம்?" என்று மலாயிலேயே கேட்டான்.

என்ன சொல்வது? தமிழில் 'க' ஒன்றுதான். எழுதுகிறவன் காதில் எப்படி விழுகிறதோ அப்படி சி, ஜி, கே ஆகிவிடும். பழனிக்கும் பாலனுக்கும் இதே கதி. இரண்டு ஆங்கில எழுத்தையும் தமிழில் எழுதினால் 'பி', 'பி' என்றுதான் வரும். இதைப் படிக்கிற நீங்களே எது எந்த பி என்று குழம்புகிறீர்கள் அல்லவா? செட்டி தினமும் அப்படித்தான் குழம்பினான்.

சி-யும் ஜி-யும் ஒரே அலமாரியில் இருப்பதால் ஒன்றை மூடித்தான் மற்றதைத் திறக்க முடியும். கே-யோ எம் கூட்டத்தில் சிக்கிக் கிடக்கிறது. சேர்த்துத் தேட வேண்டிய எழுத்துகளைச் சேர்த்து வைக்கக் கூடாது, பிரித்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில் திறக்கலாம். இது எங்கள் இருவரில் யாருக்கு முதலில் தோன்றியது என்று அவனைக் கேட்டால் அவனுக்கு என்பான். என்னைக் கேட்டால் எனக்கு. சாலையில் ஒரு கோழி குறுக்கே ஓடி இருவரும் விழுந்தோம் என்பதில் மட்டும் ஒத்துப்போவோம்.

மறுநாள் கனகசபை முன் நின்றேன். "சார், லாச்சிய... ஹிக்... இடம் மாத்தினா..."

"அகர வரிசையை உடைக்கப் போறீரோ? உமக்கென்ன விசரோ?"

"உடைக்கல சார். உள்ள இருக்கிற கார்டு வரிசை அப்படியே இருக்கும். லாச்சிதான் வேற அலமாரிக்குப் போகும்."

"எம் எங்க இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"சுவத்துல ஒரு பலகை மாட்டிடலாம். எழுத்தைப் பாத்தா இடம் தெரியும்."

கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி துடைத்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பம். ஒரு கார்டு துலைஞ்சாலும் எல்லாம் பழைய இடத்துக்குப் போகும். தூக்கி வைக்கிறது நீர்."

அதிகம் புழங்கும் எழுத்துகளை அலமாரிக்கு ஒன்றாகப் பிரித்தோம். அவற்றை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்தோம். குனிய வேண்டிய இடத்தில் க்யூ, எக்ஸ், பல்லி. ஜி, ஜன்னலோரத்து முதல் அலமாரியில். கே மூன்றாவதில். சி-யில் கார்டுகள் குறைவு என்று நான்காவது அலமாரியில், பின்சுவர் மூலையில். முதல் இரண்டு நாள் கால்கள் பழைய இடத்துக்கே போயின. அப்புறம் பழகிவிட்டது. முதுகில் மூச்சு விடுவது நின்றது.  கனகசபைக்கு மட்டும் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் பல் வலிக்காரர் முகம்.

சனிக்கிழமை வருவதற்குள் அது நடந்தது.

காலைக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஒரு தோட்டத்து லாரியில் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, லாரியோடு திரும்பிப் போய்விட்டார்கள். பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர்த் தொழிலாளி. காலில் புண் சீழ் வைத்து, ஜுரம் ஏறி, நினைவே இல்லை. அவர் மனைவியை ஒரு சீன நர்ஸ் மிஸ்ஸி கையைப் பிடித்து எங்கள் ஜன்னலுக்கு இழுத்து வந்தாள்.

"கார்டு சீக்கிரம் வேணும்! போன தடவை இங்க ஏதோ ஊசி போட்டு இவருக்கு மூச்சு நின்னு போகப் பாத்துச்சாம். எந்த ஊசின்னு இந்த அம்மாவுக்குத் தெரியல. டாக்டர் மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. போட்டாலும் பயம், போடாட்டியும் பயம்!"

பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு தோட்டத்து வீட்டிலேயே கிடந்தது. வாயால் பெயரைக் கேட்டுத்தான் தேட வேண்டும்.

"பேரு என்னம்மா?" என்றேன்.

"அஞ்சலைங்க."

"உன் பேரு இல்லம்மா. வீட்டுக்காரர் பேரு."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எப்படிங்க சொல்றது?"

"அவசரம்மா!"

"அதாங்க பயமா இருக்கு. சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப இழுத்துக்கிட்டுக் கெடக்கிறப்ப போயி என் வாயால சொல்லவாங்க?"

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கணவர் உயிரைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதனாலேயே அவர் உயிர் போய்விடும்போல் இருந்தது. எனக்கு விக்கல் தொடங்கிவிட்டது.

"சரி, அவரை எப்படிக் கூப்பிடுவே?"

"ஏங்கன்னு கூப்பிடுவேன்."

பின்னாலிருந்து செட்டி பாய்ந்தான். "யெங்கா! ஒய் லாச்சி!" என்று கத்திக்கொண்டு நான்காவது அலமாரிக்கு ஓடி, ஒய்-யை இழுத்து, ஒரு சீனக் கிழவரின் கார்டோடு நின்றான். "யெங் ஆ சாய் இருக்காரு. இவரா?"

"இல்லடா! ஹிக்! மூடு அதை!"

அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "மழையில மாடு கன்னு நனையாம, மலையத் தூக்கிக் கொடையா புடிச்சாரே... அந்தச் சாமி பேருங்க."

"கிருஷ்ணனா?" தலையை ஆட்டி மறுத்தாள். "கண்ணனா? கோபாலா?" இல்லை, இல்லை. "கோ... ஹிக்... கோவி... ஹிக்..."

"அதாங்க! அதேதாங்க!"

"கோவிந்தனா?"

"பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்குங்க. சாமின்னு சேத்துக்கங்க."

கோவிந்தசாமி! பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் எந்த லாச்சி? சி-யா, ஜி-யா, கே-யா?

கனகசபை எழுந்தார். "நீர் ஜி. செட்டி கே." ரூல் தடியை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தோட்டத்துக் கிராணி ஆர்?"

"யாழ்ப்பாணத்து ஐயாங்க."

"அப்ப சி-யாயும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பின்சுவர் மூலைக்கு நடந்தார். பெயரை எழுதி அனுப்புவது தோட்டத்துக் கிராணி; யாழ்ப்பாணத்தார் பலரும் 'க'வுக்கு சி போடுவார்கள், கனகசபை தன் பெயரையே அப்படித்தான் எழுதுவார். கோட்டுக் கையைச் சற்று மேலே தள்ளிவிட்டு, லாச்சியைத் தன் கையால் இழுத்தார்.

மூன்று அலமாரிகளில் மூன்று லாச்சிகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை, எதுவும் சாயவில்லை. செட்டி கே-யில் இரண்டு கோவிந்தசாமிகளைப் பிடித்தான். ஒருவர் தெங்கேரா சலவைக்காரர், மற்றவருக்கு வயது ஐந்து. எனக்கு ஜி-யில் அடித்தது யோகம். கோவிந்தசாமி. பால்மரத் தொழிலாளி. அதே தோட்டம்! வயதும் கிட்டத்தட்டச் சரி. முன்பக்கத்தில் சிவப்பு மையில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

"கெடச்சிருச்சு!" என்று கூவி ஜன்னல் வழியாக நீட்டினேன். மிஸ்ஸி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"பின்பக்கம்!" மூலையிலிருந்து கனகசபையின் குரல்.

"சார், பேரு சரி, தோட்டம் சரி, ஹிக்..."

"பின்பக்கத்தை வாசியும் காணும்!"

மிஸ்ஸி கையிலிருந்ததைத் திருப்பிக் காட்டினாள். நான் வாசித்தேன். "மனைவி பெயர்... மூக்காயி."

அஞ்சலை துள்ளி நிமிர்ந்தாள். "ஐயய்யோ, அது கடைசி லயத்து வீட்டு ஆளுங்க! அவருக்கு நான் பொண்டாட்டி இல்லீங்க!"

ஒரே தோட்டத்தில் இரண்டு கோவிந்தசாமிகள். என் விக்கல் நின்றுவிட்டது. பயத்துக்கும் மேலே ஓர் இடம் இருக்கிறது, அங்கே போனால் விக்கல்கூட வராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"கோவிந்தசாமி" என்று கனகசபை மூலையில் நின்றபடி வாசித்தார், சி லாச்சிக் கார்டை முகத்துக்கு நேரே பிடித்து. அந்த நேரத்திலும் முன்பக்கம் முழுவதையும் வாசித்தார். வயதை வாசித்தார். தோட்டத்தை வாசித்தார். நான் செத்துப் பிழைத்தேன். திருப்பினார். "மனைவி அஞ்சலை. கீழ சிவப்பு மை. பெனிசிலின் ஒவ்வாது. போடக்கூடாது."

மிஸ்ஸி அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். கனகசபை அந்த இடத்தில் பச்சை அட்டையைச் செருகினார். அதில் தன் பெயரை எழுதினார்.

டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். அன்று மத்தியானம் மிஸ்ஸி ஜன்னலில் தலையை நீட்டி, "முழிச்சிட்டாரு. கோப்பி கேக்கிறாரு" என்றாள். அஞ்சலை வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். செட்டி போய் அவளுக்கும் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். என்ன பேசினாய் என்று கேட்டேன். அவனுக்குத் தெரிந்த தமிழில் 'சாமி, சாமி' என்று சொன்னானாம். அவளும் 'சாமி, சாமி' என்றாளாம். பேச்சு நன்றாகப் போனதாம்.

எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. பழைய வைப்பில் சி-யும் ஜி-யும் ஒரே அலமாரி. நான் ஜி-யை இழுத்துக்கொண்டு நிற்கும்வரை சி பூட்டியே இருந்திருக்கும். ஜி-யில் ஆள் கிடைத்த பிறகு சி-யைத் திறக்க யாருக்குத் தோன்றும்? அதே நேரம், லாச்சிகளை எப்படிப் பிரித்து வைத்தாலும், அந்தப் 'பின்பக்கம்' மட்டும் இல்லையென்றால் என் கையாலேயே தப்பான கார்டைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். வேகத்தை நான் கொண்டுவந்தேன் என்று மார்தட்டலாம். அந்த வேகம் எந்தத் திசையில் ஓடப் பார்த்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. பலகையைக் கழற்றச் சொல்வார் என்று காத்திருந்தோம். கனகசபை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பலகையைத் தாண்டிப் போனார். பலகை அப்படியே சுவரில் இருந்தது.

சில வாரம் கழித்து கோவிந்தசாமி தடி ஊன்றி நடந்து வந்து ஜன்னலில் நின்றார். பக்கத்தில் அஞ்சலை. வீட்டுக்குப் போகும் முன் கார்டைச் சரிபார்க்க வேண்டும். கனகசபை தானே ஜன்னலுக்கு வந்தார்.

"பேர்?"

"கோவிந்தசாமிங்க" என்று அவரே சொன்னார். அஞ்சலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இஞ்ச பாரும், உம்மட பேரை ஆங்கிலத்தில மூண்டு விதமா எழுதலாம். இனி எப்பவும் ஒரே எழுத்தில இருக்க வேணும். எதில எழுதுறது?"

கோவிந்தசாமி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். நான்கு அலமாரிகளையும் பார்த்தார். "எனக்கு எழுத்தெல்லாம் தெரியாதுங்க. எது கிட்டக்க இருக்கோ அதுல போட்டு வைங்க."

"எடுக்க லேசா இருக்கணும் சாமி" என்றாள் அஞ்சலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலுக்குக் கிட்டே இருந்தது ஜி. நான் பேனாவை எடுத்தேன். கனகசபை என் கையைத் தடுத்தார்.

"ஜி-யில உம்மட தோட்டத்து மற்ற கோவிந்தசாமி இருக்கிறார். இரண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில வைக்கேலாது. நீர் சி-யிலயே இரும்."

"அது மூலையில இருக்கே சார்" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றினார். நாற்காலியின் முதுகில் போட்டார். பின்சுவர் மூலைக்குப் போய் சி லாச்சியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எழுத்தை மாத்தேலாது காணும். இடத்தை மாத்தலாம். அந்தப் பக்கம் பிடியும்."